சூடு தெரியாத உதடு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி அடைமழையில், திருவண்ணாமலை ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அறையில் இது நடந்தது. எங்கெங்கிருந்தோ மலையைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் அறை அது. நாங்கள் தங்கியது என் பல்லுக்காக.

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு நான் சாப்பிட மாட்டேன், தண்ணீர்கூடக் கிடையாது. என் கணவர் ராத்திரி டீயே குடிப்பார், அவர் கணக்கு வேறு. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம், விட மனசில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வீடு வந்து சேர ஐந்து மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகு எனக்கும் சூரியனுக்கும் ஓட்டப்பந்தயம்தான். கடைவாய்ப் பல் இருந்தவரை நான்தான் ஜெயித்தேன். கீழ்ப்பற்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் போயின. சிரித்தால் தெரியாத பல்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு பல் செட்டு வாங்கி மாட்டினேன். அது அழுத்தினாலே கரண்ட் அடித்த மாதிரி உதடு வரைக்கும் சுள்ளென்று இழுக்கும். அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, ஈறால் மசித்து மசித்து விழுங்குவதற்குள் இருட்டிவிடும். பாதிச் சோற்றோடு எழுந்து, பசியோடு படுத்த நாட்கள் நிறைய. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

திருவண்ணாமலையில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் படத்தைக் காட்டி அவர் சொன்னார்: "ரொம்ப வருஷமா பல் இல்லாம இருந்ததால தாடை எலும்பு தேஞ்சிடுச்சும்மா. உள்ள ஓடற நரம்பு மேலாப்புல இருக்குது. அப்படியே எலும்புல திருகு இறக்கி இம்ப்ளாண்ட் பல்லு வச்சா நரம்புல குத்திடும். எலும்பைப் பக்கவாட்டுல திறந்து, நரம்பை ஒதுக்கி வச்சுட்டுதான் போடணும். உதடும் மோவாயும் மரத்துப் போவும். நிறைய பேருக்குத் திரும்ப வந்துடும். சில பேருக்கு வராமலும் போவலாம். யோசிச்சுட்டு சொல்லுங்க."

வெளியே வந்ததும் என் கணவர், "வேணாம்மா. கஞ்சி குடிச்சே காலத்த ஓட்டிடலாம்" என்றார். "ராத்திரியில முறுக்கு கடிக்கிறவரு சொல்றீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வயிறு நிறைய ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் அந்த அறையை எடுத்தோம். கீழுதடும் மோவாயும் என்னுடையவையாகவே தெரியவில்லை. தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருந்தது. எது குடித்தாலும் பாதி புடவையில் வழியும். அதனால் டம்ளரை உதட்டோடு நன்றாக அழுத்திப் பிடித்துக் குடிக்கப் பழகியிருந்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மேகமூட்டம். மாத்திரை மயக்கத்தில் தூங்கிப் போனேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கணவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். அந்தக் கட்டிடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்தான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். "ஆற வச்சு குடி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆற வைக்க நேரம் ஏது? அவள் பிடித்த மாதிரியே நானும் தலைப்பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, நாக்குத் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினேன். ஜன்னலைப் பார்ப்பதும் குடிப்பதுமாக இருந்தேன். ஒரு சொட்டுகூட வழியவில்லை. விளக்கு வைப்பதற்குள் குடித்து முடித்துவிட்டேன். மனசுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

டம்ளரை எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் அலறினாள்.

"ஐயையோ, அக்கா! ஒதடு என்னா இப்படித் தோலு வழண்டு கெடக்குது!"

நான் கண்ணாடியைப் பார்த்தேன். டம்ளர் விளிம்பு பட்ட இடமெல்லாம் வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. ஒரு பக்கம் தோல் உரிந்து தொங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. மரத்துப் போகும் என்று டாக்டர் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் அந்தக் கண்ணாடியில்தான் எனக்கு விளங்கியது.

அவள் பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து என் உதட்டில் ஒற்றிக்கொண்டே அழுதாள். "நான்தான் சூடா குடுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு வலிக்கவில்லை, அவள்தான் துடித்தாள். அவசரம் என்னுடையது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லக்கூட அந்த வாய் ஒத்துழைக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியமே கஞ்சி வைத்து, ஆற்றி, டம்ளரைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அவளுக்கு நான் யார்? சில நாள் தங்கிவிட்டுப் போகிற ஆள்.

புண்ணுக்கு மருந்து போட்ட டாக்டர் திட்டவில்லை. "பொழுதோட சாப்பிடற பழக்கத்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். பல்லுக்கும் பொழுதுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போது பல் வைத்தாகிவிட்டது. முறுக்கு கடிக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்திருக்கிறேன். வலது பக்கம் எறும்பு ஊறுவது போல் ஊறி ஊறி, மெல்ல உணர்ச்சி திரும்பியது. இடது பக்கம் வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லவில்லை. அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டபோது, "தேவைப்பட்டா வாங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. உதட்டில் சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாததால் பள்ளிக்கூடத்தில் நான் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை.

எங்கள் ஜினாலயத்தில் அதைக் கொடு, இதைக் கொடு என்று கேட்கும் வழக்கம் இல்லை. நானும் கேட்டதில்லை. இப்போது மட்டும், கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இடது பக்க உதட்டை மெல்லக் கடித்துப் பார்க்கிறேன், கொஞ்சமாவது வலித்துவிடாதா என்று மனசு கெஞ்சுகிறது. ஆயுசு முழுக்க வலிக்குப் பயந்தே வாழ்ந்த எனக்கு, வலி என்பது உடம்பு நம்மைக் கூப்பிடுகிற குரல் என்பது, அது கூப்பிடாமல் போன பிறகுதான் தெரிந்தது.