கேப்டன் தெல்பியேரின் நெஞ்சுவலி

நதேஜ் தெல்பியேருக்குக் கிடைத்தது பேச்சுக் கொடுக்கிற வேலை. அதற்குச் சம்பளம், தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. கென்ட் கடற்கரைக் குன்றின் மேல் இருந்த அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரியை இப்படி வரவழைத்து வைத்துக்கொள்வார்கள். வருகிறவள் ஆசிரியையும் இல்லை, மாணவியும் இல்லை. சாப்பாட்டு அறையில் ஆசிரியர் மேசையின் கடைசி நாற்காலி, குழம்புக் கிண்ணம் காலியான பிறகு வந்து சேருகிற இடம், அவளுடையது. நூலகத்தை ஒட்டி, ஒரு காலத்தில் தொப்பிகள் மாட்டிவைத்த சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். மேல்வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அரை மணி நேரம் பிரெஞ்சில் பேசிவிட்டுப் போக வேண்டும்.

பிரெஞ்சுத் துறைத் தலைவர் ஆக்கெண்டன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இலக்கணம் என் தலைவலி, அதை நீங்க தொடாதீங்க. சும்மா பேசுங்க, போதும். குடும்பத்துலேர்ந்து ஆரம்பிங்க. பரீட்சை வைக்க வர்றவரும் அங்கதான் ஆரம்பிப்பாரு. இன்னொண்ணு, இதுங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கும். பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க. அதுக்குத் தனி மார்க் உண்டு."

அந்தத் தனி மார்க்தான் நதேஜின் குடியைக் கெடுத்தது.

முதல் வாரம் வந்தவள் பிலிப்பா கார்ஸைட். பதினேழு வயது, நெட்டை, நகம் கடிக்கிற பெண். அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில். அவள் பேசிய பிரெஞ்சு, பாடப்புத்தகத்துக்கு வாய் முளைத்த மாதிரி இருந்தது. "என் தந்தையார் எண்ணெய் நிறுவனமொன்றில் உயர் பதவி வகிக்கிறார்," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். தனி மார்க் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தங்கள் தந்தையார் என்ன தொழில் புரிகிறார், மத்மொசெல்?" என்று கேட்டாள்.

நதேஜின் அப்பா லூசியென், கடலுக்கு அந்தப் பக்கம் பூலோன் துறைமுகத்தில் மீன் அறுக்கிறவர். விடியுமுன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஈரத்தரையில் நின்று, மீனைப் பிளந்து, முள்ளை நீக்கி, சதையை ஐஸ் பெட்டியில் அடுக்குகிற வேலை. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தாலும் கவிச்சி போகாது. பள்ளிக்கூட பஸ்ஸில் நதேஜ் ஏறியதும் பின் சீட்டில் யாராவது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் உடம்பில் நாற்றம் இருந்ததோ இல்லையோ, பொத்துகிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அம்மா போன பிறகு, அந்தக் கவிச்சி வேலையைப் பார்த்துத்தான் லூசியென் அவளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து சேர்த்தார். இது எதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள்.

"கேப்டன். கப்பல்ல கேப்டன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் உடம்பு கூசிற்று. ஆனால் பிலிப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், ஒரு நீதிபதி, இரண்டு கர்னல் என்று அப்பாக்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த அந்த அறையில் ஒரு கேப்டனும் வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்தடுத்து வந்த பெண்களும் தனி மார்க்குக்காக அதையே கேட்டார்கள். ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்திக்கு மாற்றிச் சொல்ல முடியுமா? கப்பல் வந்தால் கேப்டனுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு ஜன்னல் வேண்டும், ஜன்னலில் கடல் தெரிய வேண்டும். நவம்பருக்குள் ஒரு நாயும் வந்துவிட்டது. அவள் சொன்ன பொய்யை மேல்வகுப்பு முழுவதும் நெட்டுருப் போட்டு, உச்சரிப்புத் திருத்தி, அவளிடமே ஒப்பித்தது. தப்பில்லாமல் ஒப்பித்தவளை அவளே பாராட்டவும் வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊர் போனபோது அப்பா கேட்டார்.

"உன் பள்ளிக்கூடத்தை ஒரு நாள் வந்து பாக்கட்டா புள்ள? கப்பல் ஏறினா ரெண்டு மணி நேரம். காலைல வந்துட்டுச் சாயங்காலம் திரும்பிடுவேன்."

"வெளியாளை உள்ள விடமாட்டாங்கப்பா. ரொம்பக் கெடுபிடி."

"அப்படியா," என்றார் லூசியென். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வானம் தெளிந்த நாளில் பள்ளி மைதானத்தில் நின்றால் பிரான்ஸ் கரை தெரியும். அந்த வசந்தத்தில் நதேஜ் மைதானத்துப் பக்கமே போகாமல் சுற்று வழியில் நடந்தாள்.

ஈஸ்டர் விடுமுறை நெருங்கியது. பிலிப்பாவுக்குப் போக இடமில்லை. அவள் அப்பாவுக்கு ஏதோ அவசர வேலை, மஸ்கட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விடுதித் தலைவி மிஸஸ் பார்ஜெட்டர் நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளிடம் உள்ள தொந்தரவு, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு வழி இருக்கும். நதேஜைத் தேநீருக்குக் கூப்பிட்டு, கேக்கை வெட்டிக்கொண்டே வழியைச் சொன்னாள்.

"பிலிப்பா உன்கூட வரட்டுமே. கடலைப் பாத்த வீடு, அப்பா வேற கேப்டன். ரெண்டு வாரம் பிரெஞ்சு தவிர வேற ஒண்ணும் காதுல விழாது. அவ பெட்டியே கட்டிட்டா, கேட்டியா."

நதேஜ் கேக்கைத் தட்டில் வைத்தாள். அவர்கள் வீடு மீன் கிடங்குக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கிடங்கின் தகரக் கூரைதான்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல மேடம்," என்றாள். "நெஞ்சு வலி."

மிஸஸ் பார்ஜெட்டர் கத்தியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தியா? பாவிப் பொண்ணே."

பாவிதான். அதோடு முடிந்திருந்தால் தேவலை. ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார். வாசித்து முடித்ததும் பள்ளி மொத்தமும் முழங்காலிட்டு அவர்களுக்காக மௌனமாக ஜெபிக்கும். அந்த ஞாயிறு, தோட்டக்காரரின் மனைவிக்கும் ஒரு பழைய தலைமையாசிரியைக்கும் அடுத்து, "கேப்டன் லூசியென் தெல்பியேர்" என்று வாசித்தார். முந்நூறு பெண்கள் முழங்காலிட்டார்கள். நதேஜும் இட்டாள். அவள் எதற்காக ஜெபிப்பது? கிழங்கு வறுவலும் சிப்பியும் ஒரு கை பார்த்துவிட்டு இந்நேரம் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிற, கல்லுக்குண்டு மாதிரியான மனிதருக்காகவா? கடவுளே, இவர்களை எழுந்திருக்கச் சொல்லு என்றுதான் வேண்டிக்கொண்டாள். முன் வரிசையில் பிலிப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதடு அசைய ஜெபித்தாள். அந்த விடுமுறை முழுவதும் அவள் காலி விடுதியில் மிஸஸ் பார்ஜெட்டரோடும் அவளுடைய பூனையோடும் இருந்தாள்.

மே மாதம் ஒரு ஞாயிறு நதேஜ் சின்னப் பெண்களை நடை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள். வாசலிலேயே மிஸஸ் பார்ஜெட்டர் நின்றிருந்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"உங்க அப்பா போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். என் பிரெஞ்சை இப்பதான் முதல் தடவையா ஒருத்தர் குறை சொல்லாம கேட்டாரு."

நதேஜ் அவசரமாகக் கேட்டாள். "என்ன பேசினீங்க?"

"என்ன பேசுவேன்? கேப்டன், நெஞ்சு வலி எப்படி இருக்கு, பள்ளிக்கூடமே உங்களுக்காக ஜெபிக்குதுன்னேன். பாவம், கொஞ்ச நேரம் பேச்சே வரல. அப்புறம், இப்ப பரவாயில்ல மேடம், ரொம்பப் பரவாயில்லன்னாரு. அப்படின்னா சனிக்கிழமை நிறுவனர் நாள் விழாவுக்கு வந்துதான் ஆகணும்னுட்டேன். வர்றேன்னுட்டாரு."

நதேஜ் வராந்தாப் போனில் அவரைக் கூப்பிட்டாள். கேப்டன் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. "சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டா போதுமா புள்ள?" என்று மட்டும் கேட்டார். போதும் என்றாள். வராதீங்க என்று சொல்லத்தான் போன் செய்தாள். அது கடைசிவரை வாயை விட்டு வெளியே வரவில்லை.

அந்த ஒரு வாரமும் அவளுக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா வாயைத் திறந்தால் தீர்ந்தது. கேப்டனா, நானா என்று கேட்டுவிட்டால் முந்நூறு பேர் முன்னால் அவள் மானம் போகும். அதைவிட, அவர் ஒன்றுமே கேட்காமல் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை டாக்சியிலிருந்து லூசியென் இறங்கினார். நீல நிறக் கோட்டு சூட்டு. அவள் சித்தப்பா கல்யாணத்துக்குத் தைத்தது, இப்போது வயிற்றில் பொத்தான் சேரவில்லை. கையில் ஒரு கைத்தடி. அவரிடம் கைத்தடி கிடையாது. மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் வாசனைத் தண்ணீர் குப்பென்று அடித்தது. அதற்கடியில் அவளுக்கு மட்டும் தெரிந்த கவிச்சி இருந்தது. மகளை முத்தமிட்டுவிட்டு மிஸஸ் பார்ஜெட்டர் பக்கம் திரும்பி, "நீங்க எல்லாம் வேண்டிக்கிட்டதுலதான் எந்திரிச்சேன் மேடம்," என்றார்.

கூடாரத்தில் ஸ்ட்ராபெரியும் வெள்ளரிக்காய் ரொட்டியும் வைத்திருந்தார்கள். மேல்வகுப்புப் பெண்களுக்கு உண்மையான பிரெஞ்சுக்காரர் ஒருவர் கையில் கிடைத்துவிட்டார். பரீட்சை வேறு பக்கத்தில். சூழ்ந்துகொண்டு ஒருத்தி மாற்றி ஒருத்தி ஒப்பித்தார்கள்.

"கேப்டன் அவர்களே, தங்களுடன் எத்தனை பேர் பணிபுரிகின்றனர்?"

"ஒரு நாப்பது பேர் இருப்போம்மா."

"தங்கள் பணி கடினமானதா?"

"கஷ்டந்தான். விடியுமுன்ன ஆரம்பிச்சிருவோம். நாள் முழுக்கத் தண்ணியிலதான் நிக்கணும். குளிரு எலும்புக்குள்ள போயிரும். ஆனா எங்க ஆளுங்க தங்கமானவங்க, பாட்டுப் பாடிக்கிட்டே வேலை பாப்போம்."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். நதேஜ் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். தொழிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. பொய் முழுவதையும் மகளுக்கே விட்டுவைத்திருந்தார்.

அப்போது ஆக்கெண்டன் வந்து உட்கார்ந்தார். வாலிபத்தில் அவரும் இதே வேலையைப் பார்த்தவர், எதிர்த்திசையில். பூலோனில் ஒரு பள்ளியில் ஒரு வருஷம் ஆங்கிலம் பேச்சுக் கொடுத்தவர். அந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அத்துபடி. லூசியென் வாயைத் திறந்ததுமே அவர் தலை நிமிர்ந்தது. பிறகு கண் கைகளுக்குப் போனது. கத்தி பட்டுப் பட்டு வெள்ளைக் கோடு விழுந்த விரல்கள், உப்புத் தண்ணீரில் ஊறி வீங்கிய முட்டிகள்.

"உங்க கப்பல் எந்தத் துறைல நிக்கும்?" என்று கேட்டார்.

"லூபே துறைல," என்றார் லூசியென். வேறு துறைப் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை போலும்.

லூபே துறையில் மீன் கொட்டகைகள் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆக்கெண்டன் நதேஜை ஒரு தரம் பார்த்தார். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. அவர் கெட்டிலை எடுத்து லூசியெனுக்குத் தேநீர் ஊற்றினார்.

"நல்ல இடம். அங்க ஒரு கடைல மீன் சூப் சாப்பிட்டிருக்கேன், இன்னும் மறக்கல," என்றார். பிறகு மழை வருமா என்று பேச ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாயங்காலம் தேவாலயத்தில் பாதிரியார், குணமடைந்த கேப்டனுக்காக நன்றி சொல்வோம் என்றார். எல்லாரோடும் லூசியெனும் முழங்காலிட்டார், கைத்தடியைப் பக்கத்தில் கிடத்திவிட்டு. பக்கத்தில் நதேஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஃபோக்ஸ்டன் துறைமுகம் வரை அவளும் கூடப் போனாள். கப்பலுக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். லூசியென் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று படி இறங்கினார்.

"எங்க கொட்டகை காஸ்தோனோட தடி. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், அவன் நிஜமாவே நொண்டி."

"அப்பா..."

"நல்ல ஜனங்க. அந்த ஆளு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு பாரு." கோட்டுப் பொத்தானை அவிழ்த்து மூச்சு விட்டார். அவளைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்த தடவை எனக்கு என்ன நோவுன்னு முன்னாடியே சொல்லிரு புள்ள. அந்த அம்மா போன்ல கேக்கறப்ப, எந்தப் பக்கம் கைய வச்சுக்கறதுன்னே தெரியல."

போனில் யார் கையைப் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் வைத்துக்கொண்டிருக்கிறார். நதேஜுக்கு மன்னிப்புக் கேட்க நாக்குப் புரண்டபோது அவர் கப்பலுக்குப் போகும் பாலத்தில் ஏறிவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை தொப்பி அறைக்கு முதலில் வந்தவள் பிலிப்பா. பரீட்சைக்கு முன் கடைசிப் பயிற்சி. ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்துவிட்டு, தனி மார்க்குக்குக் கேட்டாள். "தங்கள் தந்தையார் என்ன தொழில் புரிகிறார், மத்மொசெல்?"

நதேஜ் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மீன் அறுக்கிறார். துறைமுகத்துல. கேப்டன் இல்ல. நெஞ்சு வலியும் கிடையாது. எல்லாம் நான் சொன்ன பொய்."

பிலிப்பா சிரித்துவிட்டாள். பரீட்சை பிரெஞ்சை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினாள்.

"பரீட்சைல கேள்வியை மாத்திக் கேட்டா திணறக்கூடாதுன்னு விளையாடறீங்களா? போங்க மிஸ். நாங்கதான் கண்ணால பாத்தோமே." நகத்தைக் கடித்தாள். "எங்கப்பா நாலு வருஷமா ஒரு விழாவுக்கும் வந்ததில்ல. உங்கப்பா அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு, தடி ஊனிக்கிட்டு வந்தாரு. அவரைப் போய் இப்படிச் சொல்றீங்களே. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

இருக்கிறது என்றாள் நதேஜ். மணி அடித்தது. அடுத்த பெண் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் குடும்பத்திலிருந்து ஆரம்பித்தாள்.