எட்டு இல்லாத எண்

காயாத பெயின்ட் வாசனையும் வற்றல் மிளகாய் நெடியும் சேர்ந்தால் இன்றைக்கும் எனக்குத் தும்மல் வந்துவிடும். ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பா சொந்தமாக மிளகாய் மண்டி திறந்த வாரம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் அந்த நெடிக்குள்ளேதான் கிடந்தோம்.

அப்பாவுக்கு எட்டு ஆகாது. "அது சனியாக்கும்" என்பார். எட்டாம் தேதி சரக்கு எடுக்க மாட்டார், வரிசையில் எட்டாவது ஆளாக நிற்கக்கூட மாட்டார். ஆனால் அக்கா பிறந்ததே ஓர் எட்டாம் தேதி. அவள்மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம்தான், நல்ல காரியம் என்று வந்தால் மட்டும் பின்னால் நிறுத்திவிடுவார். கடைத் திறப்புக்கும் இளையவளான நான்தான் விளக்கேற்றுவது என்று முடிவாகியிருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அக்காவின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது எண், அதில் சனியை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று, கதவு நிலையின் மேல்சட்டத்தில் அப்பா தன் கையாலேயே மஞ்சள் பெயின்டில் 12345679 என எழுதிவைத்தார்.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், அக்கா அந்த எண்ணை சாக்பீஸால் தரையில் எழுதி, ஏதோ கோபத்தில் எது எதாலோ பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதால் பெருக்கியபோது ஒன்றுகளாகவே வந்து நின்றன: 111111111.

"அப்பா, இங்க வந்து பாருங்கோ."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "கொள்ளாமே மக்களே!" என்று அவளைத் தட்டிக்கொடுத்து, சுமைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இனி இதை என்னோட தேதியால பெருக்கட்டுமா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் அடியில் எழுதினாள்: 888888888.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சாக்பீஸை வாங்கி, குத்தவைத்து உட்கார்ந்து, முதல் எண்ணையே எடுத்து ஒன்பதெட்டு எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தார். கணக்கில் அவர் புலி. அதே விடைதான் வந்தது. பிறகு நிமிர்ந்து, சட்டத்தில் எழுதியிருந்ததை விரல்விட்டு எண்ணினார்.

"அதை வெளிய தள்ளிட்டேன்னுல்லா நெனச்சேன். பாக்கி நிக்கிறதும் எட்டெண்ணமாக்கும்."

மறுநாள் காலையில், நான் புதுப்பாவாடையோடு விளக்கின் முன்னால் போய்க் கையை நீட்டியபோது, அப்பா திரியைக் கொளுத்தி அக்காவிடம் கொடுத்தார். "ஏத்து மக்களே. நடுங்காம ஏத்து." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அடங்கியது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. சட்டம் எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது, அப்பாவும் போய்விட்டார். அக்காவின் பிறந்தநாளுக்கு வாழ்த்தெல்லாம் எழுதாமல், ஒன்பது எட்டுகளை மட்டும் நான் போனில் அனுப்புவது வழக்கம். இந்த வருடம் அவளிடமிருந்து பதில் வந்தது:

"அப்பா இருந்திருந்தா, எதுக்கும் இன்னொருக்கா பெருக்கிப் பாத்திருப்பாவ."