மூலக்குளத்தில் ஒரு பென்டியம் 133

என் தம்பி முருகன் விழுப்புரத்தில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறான். அவனுடைய தையல் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். போன வாரம் அதன் பிராசஸர் செத்துப்போனது. மெஷினின் கார்டு அந்தப் பழைய மதர்போர்டில் மட்டும்தான் பொருந்தும். போர்டுக்கு வேண்டியதோ பென்டியம் 133. கிடைக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றான். வீட்டில் ‘கம்ப்யூட்டர் கிறுக்கன்’ என்று பெயர் வாங்கிய நான் சும்மா இருக்க முடியுமா?

தெரியாதவர்களுக்குச் சின்ன முன்கதை. 286, 386, 486 என்று எண்களாகவே போய்க்கொண்டிருந்த பிராசஸர் வரிசை அது. வெறும் எண்ணை யாரும் தனக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது என்றானதும், 1993இல் 586 என்று வந்திருக்க வேண்டியதற்குப் பென்டியம் என்று பெயர் வைத்தார்கள். 133 என்பது மெகாஹெர்ட்ஸ் வேகம். உள்ளே சுமார் 33 லட்சம் டிரான்சிஸ்டர்கள். இன்றைய போனில் பல நூறு கோடி இருக்கிறது. ஆனால் துணியில் ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று சொல்ல 133 தாராளம்.

விசாரித்ததில் புதுச்சேரி ஜாக்லின் மதாமின் எண் கிடைத்தது. பிரான்சில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். போனில், “நூத்தி முப்பத்திமூணு பொட்டி இருக்கு சார். ஆனா பியூஸ கழட்டிட்டேன்” என்றார். பியூஸ்தானே, பத்து ரூபாய் சமாச்சாரம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை 7.10க்கு விழுப்புரத்தில் பஸ். தம்பியின் போர்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சுமார் 40 கிலோமீட்டர், 8.30க்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு. பெரிய மார்க்கெட் பக்கம் போய் ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் நான்கு பியூஸ் வாங்கினேன், நாற்பது ரூபாய். அங்கிருந்து மூலக்குளத்துக்கு ஆட்டோ 180 ரூபாய்.

“விழுப்புரம் பஸ்ஸு மூலக்குளம் வழியாத்தான சார் வருது? அங்கியே எறங்கியிருக்கலாமே” என்றார் ஆட்டோக்காரர். அதையும் பாதி வழி வந்த பிறகுதான் சொன்னார்.

மதாம் பெட்டியைத் திறந்து காட்டினார். பிராசஸர் உட்காரும் இடம் காலி.

“பிராசஸர் எங்கங்க?”

“அதான் போன்லயே சொன்னனே, பியூஸ கழட்டிட்டேன்னு.”

நான் பையிலிருந்து பியூஸ்களை எடுத்து நீட்டினேன். பார்த்தவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சில் சிப்புக்குப் பெயரே ‘ப்யூஸ்’ என்பதுதானாம். நேர்ப்பொருள் தெள்ளுப்பூச்சி. “வேலைல அப்டியே பழகிடுச்சு சார், வாயில அதான் வருது” என்றார்.

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதில் பதினோரு தெள்ளுப்பூச்சிகள். முதலில் எடுத்தது 233 எம்எம்எக்ஸ், பென்டியத்திலேயே பிந்தி வந்த வகை.

“இது இன்னும் ஸ்பீடு. உங்க போர்டுல ரெண்டு வோல்டேஜ் வருமா?”

“வராது. 3.3 மட்டும்தான்.”

“அப்ப வேணாம். இதுக்கு உள்ள இருக்குற கோருக்கு 2.8, வெளியதான் 3.3. போட்டா கருகிடும்.”

கால்கள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனாலும் ஒத்துவராது. நல்லவேளை கேட்டார், நானாக இருந்தால் ஆசைப்பட்டு மாட்டியிருப்பேன்.

அடியில் கிடந்தது 133. இரண்டு கால்கள் வளைந்திருந்தன. லெட் தள்ளும் பென்சிலின் காலி முனைக்குள் ஒவ்வொரு காலையும் விட்டு மெல்ல நிமிர்த்தினார். ஒன்று ஒடிந்தாலும் வேறு இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பார்க்கத் தைரியமில்லை.

தம்பியின் போர்டிலேயே மாட்டி, அவருடைய மானிட்டரில் இணைத்து, சுவிட்சைப் போட்டோம். ஒரே ஒரு பீப். திரையில் ‘133’ வந்தது. அப்போது மணி 11.40. முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

இப்படி அலையப் போகிறவர்களுக்கு: விழுப்புரம் பக்கமிருந்து வந்தால் மூலக்குளத்திலேயே இறங்கிவிடுங்கள். போர்டைக் கையோடு கொண்டுபோங்கள். வேகத்தைப் பார்க்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள். புதுச்சேரியில் யாராவது பியூஸ் என்றால் அதற்கு எத்தனை கால் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது முருகனுக்குப் போன் செய்தேன். “ஓடுதுடா, நூத்தி முப்பத்திமூணுன்னு காட்டுது” என்றேன்.

“அண்ணே, கெடைக்காதுன்னு நெனச்சு கடை சாவிய குடுக்கலாம்னு ஓனர் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். திரும்பிடட்டுமா?”

“திரும்பிடுடா” என்று சொல்லி, போர்டைத் துண்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.