அப்பா பேசாமல் இருந்த ஒரு மணி நேரம்

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இன்று, மூலக்குளம் வீட்டுக்கு வந்து படையலில் கலந்துகொண்டு இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பெரும்பாலோர், "அஞ்சு நிமிஷம் இரு, ஒரு விஷயம் சொல்றேன்" என்ற அப்பாவிடம் ஒரு முறையாவது மாட்டிக்கொண்டு அரை நாளைத் தொலைத்தவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தயங்கினேன். மகள்தான் எழுத வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்துவிட்டான்.

அப்பா பிறந்தது வைத்திக்குப்பத்தில். நான்கு ஆண் பிள்ளைகளில் மூன்றாமவர். கடலை நம்பிப் பிழைத்த குடும்பம். ஆனால் அப்பாவுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். பதினைந்து வயதில் அண்ணன்களோடு முதன்முதலாகப் போனவர், கரை கண்ணைவிட்டு மறைவதற்குள் வாந்தி எடுத்து வலைமேல் சுருண்டு படுத்துவிட்டார். இன்னும் இரண்டு முறை அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். பலனில்லை. "இவன் கரையிலியே இருக்கட்டும், மீன் வாங்க வர்றவங்ககிட்ட பேசவாவது ஆவான்" என்று அவருடைய தகப்பனார் முடிவு செய்தாராம். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இது வெட்கப்பட வேண்டிய கதை. அப்பாவோ எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், வாந்தி எடுத்த இடம் எதுவென்று கை நீட்டிக் காட்டிச் சிரிப்பார்.

ஐ.டி.ஐ. படித்து, சேதராப்பட்டில் குழாய் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பத்தொன்பது வருடம் அங்கேதான். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போக நினைத்தவர்கள் அப்பா ஏறும் நிறுத்தம் வந்ததும் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து அம்மா வந்தார். அம்மா அதிகம் பேசாதவர். கல்யாணமான புதிதில், "நீ கஷ்டப்படாத, உன் பங்கையும் சேத்து நானே பேசிடுறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்தாராம். ஒரே ஒரு நாளைத் தவிர அந்த வாக்கை அவர் மீறவில்லை.

மூலக்குளத்தில் மனை வாங்கி வீடு கட்டியபோது எங்கள் தெருவில் மொத்தம் ஐந்து வீடுகள். குப்பத்தில் ஒருவர் தும்மினால் பத்துப் பேர் கேட்கும் சூழலில் வளர்ந்த அப்பாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பம் போய் மீன் வாங்கி வந்து, ஐந்து வீட்டிலும் கதவைத் தட்டினார். எதிர் வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் யாரோடும் ஒட்டாமல் இருந்தார். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். அப்பா எங்கேயோ விசாரித்து வணக்கத்துக்கு 'போன்ழூர்', நன்றிக்கு 'மெர்சி' என்று இரண்டு பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அந்தச் சொல்தா எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்று அப்பா தனியாக வீடு திரும்பவில்லை. பஸ்ஸில் வந்த இருபது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இவங்கள இப்பிடியே வீட்டுக்கு அனுப்புனா அழுவாங்க, டீ போடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மூன்று முறை டீ போட்டார். அவர்கள் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார்கள். அதன்பின் பத்து மாதம் அப்பாவுக்கு வேலை இல்லை. ஒரு காலையில் மட்டும், செருப்பைக் கையில் பிடித்தபடி போட்டுக்கொள்ளாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து, வேலை தேடிக் கிளம்பிவிட்டார்.

வேலை கிடைத்த விதமும் அவருக்கே உரியது. ஒரு கல்யாணத்தில் வாசலில் நின்று, வந்தவர்களை வரவேற்றுப் பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, இவர் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று மண்டபத்து உரிமையாளர் விசாரித்திருக்கிறார். இரண்டும் இல்லை, மாப்பிள்ளையின் தாய்மாமனோடு பழைய கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர் என்று தெரிந்ததும், மறுநாளே கூப்பிட்டு மண்டப மேனேஜராக வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்த வேலைதான். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அப்பா உறவினர் ஆகிவிடுவார்.

இனி, நான் இந்தக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டியது.

இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு எனக்குப் பெருமைதான் இருந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகும் அப்பா ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார். மாசி மகக் கூட்டத்தில் என் தோழிகளை நிறுத்தி வைத்துக் கதை சொல்வார். என்னைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வருவதாக இருந்தபோது, மாப்பிள்ளையின் தந்தை ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டேன். முந்தின நாள் மாலை அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, நாளைக்கு நீ அவுங்க முன்னாடி ஜோக்கு எல்லாம் அடிக்காத. கம்முனு உக்காந்திரு."

அப்பா என்னைப் பார்த்தார். "சரிம்மா. எவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"அவுங்க கெளம்புற வரைக்கும்."

மறுநாள் அப்பா சொன்னபடி செய்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டதற்குப் பத்தொன்பது என்றார். அவ்வளவுதான். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தலையசைப்பு. வேறு வழியில்லாமல் அம்மா பேச வேண்டியதாயிற்று. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போனதாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்த பெரியம்மா போன் செய்தார். எல்லாம் பிடித்திருக்கிறதாம். ஆனால், "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டம் இல்ல போலருக்கு, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு" என்று மாப்பிள்ளையின் தந்தை சொல்லிவிட்டாராம். விருப்பமில்லாத வீட்டில் பெண் எடுக்க அவர் தயாராக இல்லை.

நான் அழுதேன். அப்போதுதான் அம்மா, தமது வழக்கப்படி மெதுவாக, ஒன்றைச் சொன்னார். அவர்கள் கிளம்பிய பிறகு அப்பா சமையற்கட்டுக்கு வந்து, "என்னால அவளுக்கு வெக்கமா இருக்குதா?" என்று கேட்டாராம்.

அப்பா அப்போது வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும், "நீ சொன்னது தப்பில்லம்மா. நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசுறேன்" என்று அவரே தொடங்கினார். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: "அப்பா, நீயே போய்ப் பேசிட்டு வா. உன் இஷ்டத்துக்குப் பேசு."

மறுநாள் காலை சித்தப்பாவோடு கடலூர் பஸ் ஏறினார். பத்து நிமிடத்தில் பேசிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். மதியம் கடந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. சண்டையாகிவிட்டதோ என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நாலு மணிக்கு அப்பாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் தலைமை ஆசிரியர்.

"உங்க அப்பாவ சாயங்காலமா அனுப்பி வெக்கிறோம்மா. இன்னும் கதை முடியல."

போனவுடன் அப்பா உண்மையையே சொல்லிவிட்டார்: "எம் பொண்ணு பேசாதன்னு சொல்லிடிச்சி சார், அதான் பேசல." கேட்டவர் முதலில் நம்பவில்லையாம். சித்தப்பா சாட்சி சொன்ன பிறகு, சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பிற்பாடு என் மாமனார் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொண்ணு சொன்னதுக்காக ஒரு மணி நேரம் வாயக் கட்டிக்கினு இருந்தாரே, அந்த மனுஷன் வளத்த பொண்ண விட்டுடக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அப்பாவின் மண்டபத்திலேயே எங்கள் திருமணம் நடந்தது. அதன்பின் அப்பாவை நான் பேசாதே என்று சொன்னதில்லை. சம்பந்திகள் இருவரும் எங்களைவிட நெருக்கமாகிவிட்டார்கள்.

கடைசி இரண்டரை ஆண்டுகள் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உடம்பு மெலிந்தது. உப்பில்லாத சாப்பாட்டை அவர் வெறுத்தார். வலியில் முகம் சுளித்த நாட்களும் உண்டு. ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரர்களை அப்பா விடவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் வருமாறு ஷிப்டை மாற்றி வாங்கினார்கள். கம்பெனி பஸ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்று தம்பி சொல்வான். அப்பா ஒரு காலை வேளையில், டீ குடித்துவிட்டு, படுத்தவாக்கில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

வாரம் தவறாமல் வண்டி ஓட்டி அழைத்துச் சென்ற தம்பிக்கும், ஊசி குத்தும் நேரத்தில் அவர் பாதியில் விட்ட கதையைக் கேட்டு வலியை மறக்கடித்த செவிலியர் சகோதரிக்கும், இறுதிப் பயணத்தில் பாடையைத் தோளில் சுமந்த வைத்திக்குப்பத்து உறவுகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு கொண்டு வந்த தெருக்காரர்களுக்கும், கடலூர் மாமா அத்தைக்கும் எங்கள் நன்றி.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் பிறந்த நாள், திருமண நாளன்று காலையில் அப்பாவிடமிருந்து போன் வரும் அல்லவா? அவர் அந்தத் தேதிகளையெல்லாம் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். சில மாதங்களாக அம்மா அந்தக் காலண்டரைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார். வாழ்த்துச் சொன்ன பிறகு அடுத்து என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். அம்மா இப்போதுதான் பழகுகிறார்.