ஃபசீலா ராத்தாவின் பயம்

வார்டில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஃபசீலா ராத்தா விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோய்விட்டார். அனுமதி வாங்கி, பாலம் தாண்டி அவர் ஊரான கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். அவருடைய வெள்ளைச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அவர்கள் வழக்கப்படி அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். திருகோணமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் இருவரும் முதலில் சிற்றூழியர்களாக இருந்தோம். நிலம் துடைப்பதும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதும் எங்கள் வேலை. சிற்றூழியர்கள் தாதியாகப் படிக்க உதவித்தொகை தரும் புலமைப்பரிசில் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. வார்டில் நடக்கும் செய்முறைப் பரீட்சையில் தவறினால் அது நின்றுவிடும். பழைய வேலைக்கும் திரும்ப முடியாது, வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள்.

"பாஸாகாட்டி என்ன செய்யிறது ராத்தா?" என்று கேட்டபடியே இருப்பேன்.

"தெரியாது தங்கச்சி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ சாப்பிடு."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி அவர்.

ஆண்கள் வார்டில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கட்டிலுக்கு எப்போதும் போட்டி. சிற்றூழியராக இருந்த காலத்தில், பாவம், வேர்க்குது என்று ராத்தாதான் ஆட்களைக் கட்டில் மாற்றிப் படுக்கவிடுவார். தாதிப் படிப்புக்கு வந்த பிறகு அதை நினைத்து அவருக்குப் பயம் பிடித்தது.

"கட்டில் மாறினா மருந்தும் மாறுமே. நம்மட சனம் வெள்ளை உடுப்பைக் கண்டா எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லும். பேரை நீ சொல்லாத, அவங்களைச் சொல்ல வை."

பிறகு யாருக்கு மருந்து கொடுத்தாலும் முதலில் பெயரைக் கேட்டார். நோயாளியாக வந்த தன் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை.

அவர் போன மறுவாரம் எனக்குப் பரீட்சை. ஆண்கள் வார்டில் மருந்துத் தட்டோடு ஒரு கட்டிலுக்குப் போனேன். கட்டிலில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்து, "செல்வராசா ஐயாவா?" என்று கேட்டுவிட்டேன். கட்டிலில் இருந்தவர் ஓம் என்றார். மாத்திரையை நீட்டிய பிறகுதான் ராத்தாவின் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, உங்கட பேரை நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ."

"நடராசா. செல்வராசா அங்கால படுத்திருக்கிறார். காத்துக்காக மாறினனாங்கள்."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"மிஸ்ஸி கேட்டா ஓம் எண்டுதானே சொல்லோணும்."

இங்கே தாதியை அப்படித்தான் அழைப்பார்கள். என்னை ஒருவர் மிஸ்ஸி என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அதை ராத்தாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அழுகை வந்துவிட்டது. பரீட்சகர் தலை நிமிராமல் எதையோ எழுதினார்.

முடிவு இன்னும் வரவில்லை. சோறு இறங்குவதில்லை. பயப்படாதே என்கிறார்கள். ராத்தாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பயத்தைத்தான், அதை எப்படி விடுவது?

நடராசா ஐயா நேற்று வீட்டுக்குப் போனார். வாசல்வரை நடந்தே போனார்.