வாசல் நிறையப் பழைய ஜோடுகள்

ஆம்பூரில் தோல் ஊறும் தொட்டிக்குள் முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று வேலை பார்த்தவன் நான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. பேரணாம்பட்டில் தோல் பட்டறை, காட்பாடியில் கிடங்கு, மூன்று பெண்களுக்கும் காரை வீடு, வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிர்த்த தெருவில் கண்ணாடி அலமாரி வைத்த ஜோடுக்கடை, இத்தனையும் நான் உண்டாக்கியவை. கை கொடுத்துத் தூக்கியவர் ஒருவரும் இல்லை. காலை வாரியவர்கள் உண்டு.

இந்த மார்கழியிலும் அந்தத் தெருவில் மாலை நடை போனேன். கழுத்தில் மப்ளர் சுற்றிய வக்கீல்கள், கோட்டுப் போட்ட குமாஸ்தாக்கள், கடைக்குக் கடை காகித நட்சத்திரம். வாங்குகிறவர்கள் பாதி, வாங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கிறவர்கள் பாதி. பட்டணத்து மவுண்ட் ரோடு தோற்றது போங்கள். சூடாக வேர்க்கடலை வாங்கிக் கொறித்தபோதுதான் சேதி காதில் விழுந்தது. தெருமுனையில் கல் நடப் போகிறார்களாம். 'இத்தெருவுக்கு நாகரிகம் கொண்டுவந்தவர்' என்று எதிர்க்கடை ஜவுளிக்காரர் பெயரை வெட்டப் போகிறார்களாம். மீதிக் கடலையைப் பொட்டலத்தோடு கசக்கி எறிந்தேன்.

நான் கடை போட்ட புதிதில் அந்த ஜவுளிக்காரர்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர், நான் வாடகைக்காரன். அப்போது பெரிய மனுஷர்கள் குளிர்கால நடையைக் கோட்டை மைதானத்தோடு முடித்துக்கொள்வார்கள். தோல்காரன் கடையில் நாலு பேர் பார்க்க ஏற யாருக்கும் கூச்சம். கார்த்திகை முழுக்க நான் ஈ ஓட்டினேன்.

"இன்னாய்யா, தை பொறக்கறதுக்குள்ள ஆள் ஏறலன்னா கடைய காலி பண்ணிடு. திரும்ப தொட்டிக்கே போ," என்றார் ஜவுளிக்காரர்.

போவேனா? பழைய சாமான் விற்கும் பாய் ஒருவர் எனக்குத் தோஸ்த். அவரிடம் ஒரு கோணி நிறையப் பழைய ஜோடு வாங்கிவந்தேன். என் கடையில் ஜமக்காளம் விரித்திருப்பேன். வருகிறவர்கள் காலில் இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். பெட்ரோமாக்ஸை ஏற்றி, அந்த ஜோடுகளை வாசலில் போட்டேன். வரிசையாக அல்ல. ஒன்று குப்புற, ஒன்று சாய்ந்து, அவசரத்தில் உதறிய மாதிரி. அதில்தான் இருக்கிறது என் மூளை.

பாய் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தோஸ்த், வாசல்ல கல்யாண வூடு மாதிரி கீது, உள்ள உன்னத் தவிர ஒருத்தனும் இல்லியே!"

"சும்மா கெட பாய். ஆளு வர்றான்."

வந்தவர் ஒரு வக்கீல். வாசலைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், இத்தனை பேர் போன இடம்தானே என்று பம்ப்ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். உள்ளே காலி. முகம் மாறிவிட்டது.

"எங்கய்யா, வெளிய இவ்ளோ செருப்பு கெடக்குது, ஆளுங்க ஒருத்தரையும் காணோம்?"

என் நாக்கு தானாகப் பேசியது. "புது ஜோடு போட்டுப் பாத்தாங்க சாமி. கழட்ட மனசு வர்ல. பழச இங்கியே வுட்டுட்டு அப்படியே போய்ட்டாங்க."

பாய் இருமுகிற மாதிரி வெளியே ஓடிவிட்டார். வக்கீல் என்னை உற்றுப் பார்த்தார். பொய் என்று தெரிந்துவிட்டது. உதடு துடித்தது, பிறகு உரக்கச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒரு ஜோடியை மாட்டி நடந்து பார்த்தார். "தோல் மெத்துனு கீதே!" கழற்றவில்லை. தம் பழைய பம்ப்ஷூவை அந்தக் குவியலிலேயே விட்டுவிட்டு நடந்தார். நான் சொன்ன பொய் அந்த நிமிஷமே மெய்யாகிவிட்டது.

மறுநாள் அவர் நண்பர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கோட்டை மைதானத்துக் கூட்டம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. வந்தவர்கள் எதிரே ஜவுளியும் பார்த்தார்கள். தை பிறந்ததும் ஜவுளிக்காரரே என் வாசலுக்கு வந்தார். காலி பண்ணச் சொல்ல அல்ல. "எங்கய்யா கழட்டி வுடறது? எடமே இல்லியே," என்றார்.

ஆகையால் கல் நடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜவுளிக்காரர் பெயர் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேலே என் பெயரை வெட்டுங்கள். செருப்புக் கொடுத்த பாய்க்கும் ஒரு வரி தாருங்கள். ஆனால் அதை வாசலில் பரப்பியவன் நான்தான் என்று தெளிவாகப் போடுங்கள்.