பதினேழாம் எண் பலகை

வேன்காரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டுமே! பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணிகளைச் சலவை நிலையத்துக்கும், துவைத்த துணிகளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறவள். அத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து, நாற்காலியைத் தேய்ப்பதே வேலையாக இருக்கிற ஒருவர், "உங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டால் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

நடந்தது இதுதான். ஊரை ஒட்டிப் போகிற கிளைப்பாதையில் பத்தொன்பது ரயில்வே கேட். எதிலும் ஆள் கிடையாது. ரயில் வரும்போது கம்பம் தானாக இறங்கும். ஒவ்வொரு கேட்டிலும் சாலையின் இரண்டு பக்கமும் நீலப் பலகை. வண்டி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் இந்த எண்ணுக்குப் போன் செய்து கேட் எண்ணைச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். கீழே கேட் எண் பெரிதாக, வெள்ளையில். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, சலவை நிலையத்துக்குப் பக்கத்துக் கேட்டில், தண்டவாளத்தின் நட்டநடுவில் அவள் வண்டி நின்றுபோனது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிற ஆள் இல்லை அவள். இறங்கி ஓடி, பலகையைப் பார்த்துப் போன் செய்தாள். "பதினேழு" என்றாள். எதிர்முனையில் ஒரு பெண், "ரயிலை நிறுத்தியாச்சுக்கா. பயப்படாதீங்க, வண்டியை நகர்த்தப் பாருங்க" என்றாள்.

அந்த வார்த்தையை நம்பித்தான் மறுபடி வண்டியில் ஏறினாள். சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கம்பம் இறங்கியது. ரயிலின் ஊதல் காதைக் கிழித்தது. கதவைத் திறந்து குதித்தவள் சரளைக்கல்லில் விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டாள். வண்டி அப்பளமாய் நொறுங்கி, படுக்கை விரிப்புகள் சாலையெல்லாம் பறந்தன. அதே நேரத்தில், இருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு கோளாறும் இல்லாத கேட்டின் முன்னால் வேறொரு ரயில் ஒன்றரை மணி நேரம் தேமே என்று நின்றது.

விசாரணையில் ரயில்வே பாதுகாப்பு அதிகாரி வரைபடத்தை விரித்தார். அவள் மாட்டிக்கொண்டது மூன்றாம் எண் கேட்.

"பதினேழுன்னு சொன்னது நீங்கதான். ரெக்கார்டிங் இருக்கு."

"போர்டுல பதினேழுன்னுதான் சார் போட்டிருக்கு."

"ஃபைல்ல மூணுன்னு இருக்கும்மா."

"ஃபைலையா சார் கேட்டுல நட்டு வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் அவர் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்தார் அதிகாரி. எங்கே போனார்? தன் அலுவலகத்துக்கு எதிரே, வழவழவென்று தார் போட்ட சாலையில் இருக்கிற பத்தாம் எண் கேட்டுக்கு. பலகையில் பத்து, ஃபைலிலும் பத்து. "பாத்தீங்களா? எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். விசாரணை முடியும்வரை அவள் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது என்று மறுநாள் காகிதம் வந்தது.

அவள் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். நாலு கேள்வி கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்கிற மனுஷன். அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, முதல் கேட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். முதல் கேட்டில் பத்தொன்பது. இரண்டாவதில் பதினெட்டு. மூன்றாவதில் அவளை மாட்டிவிட்ட பதினேழு. இப்படியே இறங்கிக்கொண்டு வந்து, பத்தாவது கேட்டில் பத்து! அதற்கப்புறம் ஒன்பது, எட்டு என்று கடைசிக் கேட்டில் ஒன்று. வரிசையைத் தலைகீழாக மாட்டினால் நடுவில் இருப்பது மட்டும் தானாகச் சரியாக வரும். அந்த ஒன்றைத்தான் அந்தப் புண்ணியவான் போய்ப் பார்த்திருக்கிறார்.

பலகை மாட்டிய ஆளையும் தேடிப் பிடித்தாள். "ஒண்ணுலேருந்து வரிசையாத்தான் அடுக்கிக் குடுத்தாங்க. அந்தப் பக்கம் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தாங்க, அதனால இந்தக் கடைசியிலேருந்து ஆரம்பிச்சோம். மாட்டச் சொன்னாங்க, மாட்டினோம். படிக்கச் சொல்லலியே!" என்றான். தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது கேட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனபோது அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. "இருபதாம் தேதி விசாரணைக் குழு வருது. அவங்க பாத்து, போர்டு தப்புன்னு எழுதிட்டாப் போதும், உங்க மேல குத்தமே இல்ல. மறுநாளே வண்டி ஓட்டலாம். அதுவரைக்கும் எதுலயும் கை வெச்சிடாதீங்க. அந்த போர்டுங்கதான் உங்களுக்கு சாட்சி."

"இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கே. அதுக்குள்ள வேற யாராவது மாட்டிக்கிட்டா?"

"அப்படியெல்லாம் ஆகாதும்மா."

ஆகாதாம்! ஆனவள் கையில் கட்டோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. பலகையிலிருந்த எண்ணுக்கே போன் செய்து, பதினேழு என்றால் மூன்று என்று விளக்கினாள். அன்றைக்குப் பேசிய அதே பெண்தான் எடுத்தாள். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா மூணு ஷிப்டு இருக்கு, நான் ஒருத்தி தெரிஞ்சு வெச்சு என்ன பண்றது? எழுத்துல உத்தரவு வந்தாத்தான் மாத்துவாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். பிறகு அவளும் புருஷனும் சரியான எண்ணைக் காகிதத்தில் பெரிதாக எழுதி, பதினெட்டு கேட்டிலும் பலகைமேல் ஒட்டிவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் துப்புரவு ஆட்கள் வந்து அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ரயில்வே சொத்தில் நோட்டீஸ் ஒட்டக் கூடாதாம். தப்பான எண்கள் துடைத்துவிட்டது போலப் பளபளவென்று நின்றன.

அடுத்த வாரமே நடந்தது. சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருப்பது ஆறாம் எண் கேட். துணி ஆலைக்குப் போகிற பஸ், உள்ளே நாற்பது பெண்கள், தண்டவாளத்தின் மேல் இழுத்துக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கிப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனில், "பதினாலு, பதினாலாம் நம்பர் கேட்டு" என்று கத்தினான். கேட்டதும் பெண்களுக்குத் தெம்பு. ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்று, இறங்கியிருந்த ஒருத்தி மறுபடி ஏறி, சாவகாசமாகத் தன் பையை எடுக்கப் போனாள்.

"இறங்குடீ! எல்லாரும் இறங்கித் தள்ளுங்கடீ! அது பொய் நம்பர்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள் வேன்காரம்மா. ஒற்றைக் கையால் அவளும் தள்ளினாள். பஸ் நகர்ந்து பத்து நிமிஷம் கழித்து ரயில் போனது.

வீட்டுக்கு வந்ததும், "எல்லா போர்டையும் கழட்டி மாத்தி மாட்டிடலாம்" என்றாள்.

புருஷன் வழக்கத்துக்கு மாறாக முழு வாக்கியமாகவே பேசினார். "மாத்திட்டா உனக்கு சாட்சி இல்ல. இன்னும் பன்னெண்டே நாள்தான். பொறுத்துக்கோ."

"பன்னெண்டு நாளைக்கு எத்தனை தடவை அந்த பஸ் தாண்டும், சொல்லுங்க பாப்போம்?"

அவர் யோசித்தார். பிறகு எழுந்துபோய் ஸ்பேனர் பெட்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சின்னத் தள்ளுவண்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முப்பத்தாறு பலகைகள். துருப்பிடித்த போல்ட்டுகளை அவர் கழற்ற, அவள் நல்ல கையால் தாங்கிக்கொண்டாள். பலகை இல்லாமல் நிற்கிற கம்பத்தில் சரியான எண்ணைச் சாக்பீஸால் எழுதிவைத்தாள். பார்த்தவர்கள் அரசாங்க வேலை என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலைதானே! சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் முதல் கேட்டில் ஒன்று, கடைசிக் கேட்டில் பத்தொன்பது.

இருபதாம் தேதி குழு வந்தது. மூன்று பேர், காரில் சுற்றிப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள்.

"போர்டெல்லாம் தலைகீழா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சரியாத்தானே இருக்கு?" என்றார் தலைவர்.

"நாங்கதான் சார் மாத்தினோம்."

போட்டோக்களை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஒரே நாள்ல இத்தனையையும் கழட்டி மாட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, தலைகீழா மாட்டி போட்டோ எடுக்கத் தெரியாதா?"

ஆலை பஸ் டிரைவரும் பதினாலு என்றுதானே சொன்னான் என்று அவள் கேட்டதற்கு, அவனும் தப்பாகப் படித்திருப்பான் என்று முடித்துவிட்டார்கள். பலகை மாட்டிய ஆளைக் கூப்பிட்டார்கள். "வரிசையாத்தான் மாட்டினோம் சார்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். எல்லாம் தெரிந்த பாதுகாப்பு அதிகாரி தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாவி, ஒரு வார்த்தை வாயைத் திறந்திருக்கலாம்!

லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு ரத்து. ஆஸ்பத்திரி வேலையும் அதோடு போனது. பலகையில் கை வைத்ததற்கு வழக்குப் போடாமல் பெரியமனசு பண்ணி விட்டுவிடுகிறார்களாம். அதற்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டும்: பலகைகள் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்தன.

"கொஞ்சம் பொறுத்திருந்தீங்கன்னா உங்களுக்கு நல்லதா முடிஞ்சிருக்கும்மா" என்றார் தலைவர், கிட்டத்தட்ட அன்பாக.

"எனக்கு நல்லதா முடிஞ்சிருக்கும் சார். பஸ்ல இருந்த பொம்பளைங்களுக்கு?"

லைசென்ஸை எடுத்து மேஜைமேல் போட்டாள். "ஒரு வருஷம் என்ன, பத்து வருஷம் வெச்சுக்கோங்க. வழக்கும் போட்டுக்கோங்க. பொய்க்குக் கையெழுத்து கிடையாது." பேனாவை அதிகாரியின் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

படிக்கட்டு பாதி இறங்குகிறவரை கம்பீரமாகத்தான் வந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் ஒரு படி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சது தப்பாங்க?"

"இல்ல."

"அப்புறம் ஏங்க எனக்கு வயிறு இப்படிப் பத்தி எரியுது?"

அவர் ஒரு படி ஏறி வந்து, அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.